கொம்பன் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம்

முன்பனி வந்து மலையடியில் அமர்ந்துவிட்டது. நவம்பர் பதினோராம் நாள் நண்பகலில் ஞாயிறு தென்மலையின் தோளைத் தொட்டு, ஒருமுறை திரும்பிப் பார்த்து மறைந்தால், பிப்ரவரி பிறந்த பிறகுதான் ஷாட்டன்பாக் ஊரார் அதன் முகத்தை மீண்டும் காண்பார்கள். இடைப்பட்ட நாட்களில் ஒளி விண்ணிலிருந்து இறங்குவதில்லை. தரையில் கிடக்கும் பனியிலிருந்து மெல்ல எழுகிறது. ஊசியிலை மரங்கள் நோன்பிருக்கும் துறவியரைப் போல் வெண்ணிறம் பூண்டு அசையாது நிற்கும். ஓடை தன் பேச்சைப் பளிங்குக்குள் பூட்டிக்கொள்ளும். பசுக்கள் தொழுவத்தில் மூச்சுவிட்டே தமக்கென ஒரு சிறு மேகத்தை உண்டாக்கிக்கொள்ளும். ஒரு குழந்தையின் பிறப்புக்காக உலகம் முழுவதும் குரல் தாழ்த்திக் காத்திருக்கும் காலம் அது.

அந்தத் திருவமைதியில்தான் ஆண்டுதோறும் ஷாட்டன்பாக் ஆண்கள் உறுமிப் பழகத் தொடங்குவார்கள்.

டிசம்பர் ஐந்தாம் நாள் மாலையில் புனித நிக்கோலாஸ் வீடு வீடாக எழுந்தருளுவார். வெண்தாடி, ஆயருக்குரிய உயர்ந்த தொப்பி, கையில் பொன்னிறக் கோல். அவர் பின்னே கூடைக்காரர். கூடையில் ஆப்பிளும் கொட்டைகளும் உலர்ந்த பேரிக்காய் இட்ட ரொட்டியும் இருக்கும். இவ்விருவருக்கும் ஒரு வீட்டில் ஐந்து நிமிட வேலைதான். எஞ்சிய அரைமணி நேரம் கொம்பன்மாருக்கு உரியது. ஆட்டுத்தோல் போர்த்தி, கடாக்கொம்பு வைத்த மரமுகம் பூட்டி, முதுகில் பானை அளவு மாட்டுமணிகளைக் கட்டி, கையில் மிலாறு என்னும் சுள்ளிக் கட்டுடன் எட்டு ஆண்கள் உள்ளே பாய்வார்கள். மேசையைப் புரட்டுவார்கள். உறுமுவார்கள். பிள்ளைகள் அழுவார்கள். பிறகு எல்லாரும் காலணிப் பனியை வாசலில் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்வார்கள்.

இப்பணியை நெறிப்படுத்தவே 1911இல் கொம்பன் கழகம் நிறுவப்பட்டது. அதற்கு அறுபத்து நான்கு விதிகள் உண்டு. சிறுவரை ஆண்மகன்களாக்குவதே கழகத்தின் நோக்கம் என்கிறது முதல் விதி. சிறுமியரை என்னவாக்குவது என்று எந்த விதியும் சொல்லவில்லை. அவர்கள் அழுதால் போதும்.

அந்த ஆண்டு அக்டோபரில் வெண்டலின் ரீசருக்குப் பதினைந்து வயது நிறைந்தது. கழகத்தின் அழைப்புக் கடிதம் முத்திரையோடு வந்தது. அவன் அப்போது மாவு பிசைந்துகொண்டிருந்ததால் அவனுடைய தாய் நோட்பூர்கா கடிதத்தைப் பிரித்து வாசித்தாள்.

"உறுமல், உரம், ஈரமின்மை. மூணு பரீட்சையாம்டா," என்றாள். "உறுமுறதுக்கெல்லாம் பரீட்சை வைக்கிறாங்களே, பாத்திரம் கழுவ ஒரு பரீட்சை வச்சா இந்த ஊர்ல எத்தன பேரு தேறுவான்?"

மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்யும் தந்தை வாலண்டின் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் பதினெட்டு ஆண்டுகளாகக் கொம்பனாக ஓடுபவர்.

வெண்டலின் கோழையல்லன். முரட்டுக் காளையின் மூக்கு வளையத்தைப் பிடிப்பான். பனிச்சரிவுப் பாதையைத் தனியே கடப்பான். அவனிடம் இருந்த குறை ஒன்றே. பிறர் அஞ்சுவதைக் கண்டால் அவனுக்கு மகிழ்ச்சி உண்டாவதில்லை. கழகத்தின் கண்ணில் அது பிறவிக் குறை.

அவனுக்கு ஆறு வயதில் கிலியன் என்றொரு தம்பி. சென்ற ஆண்டு மேசை புரண்டபோது கிலியன் அடுப்புக்குப் பின்னால் இருந்த விறகுப் பெட்டிக்குள் புகுந்தான். வெளியே எடுக்க இரண்டு மணி நேரமாயிற்று. அன்றிலிருந்து கைவிளக்கு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறான். மாட்டுமணி கேட்டால் உடல் நடுங்குகிறது. அறுநூறு பசுக்கள் மேயும் பள்ளத்தாக்கில் மணியோசைக்கு அஞ்சி வாழ்வது எளிதன்று. இந்த ஆண்டு புனிதரின் பின்னால் தம்பிக்குத் தெரிந்த முகம் ஒன்று வரவேண்டும் என்பதே வெண்டலினின் விருப்பம். ஆகவே அவன் விண்ணப்பத்தில் தெளிவான எழுத்தில் எழுதினான்: "கொம்பனாக வேண்டாம். கூடை சுமக்க விரும்புகிறேன்."

கழகம் தன் வரலாற்றில் இத்தகைய விண்ணப்பத்தைக் கண்டதில்லை. விடுதியின் பின்னறையில் அவசரக்கூட்டம் கூடியது. நூற்றுப்பத்துக் கிலோ எடையுள்ள மாட்டுப்பண்ணைக்காரர் கோட்ஹார்ட் உன்டர்ரைனர் தலைமை ஏற்றார். நிலப்பதிவு அலுவலக எழுத்தரான எகிட் ஷ்வைகர், செயலாளர் என்ற முறையில், விதிப்புத்தகத்தை மடியில் வைத்திருந்தார்.

"பதினேழாவது விதி," என்றார் எகிட். "கூடை ரெண்டு பேருக்குத்தான். இருபத்தஞ்சு வருஷம் கொம்பனா ஓடினவனுக்கு. இல்லாட்டி முட்டி கெட்டுப்போனவனுக்கு. இப்ப ரூப்பர்ட் சுமக்கிறாரு. அவருக்கு ரெண்டு தகுதியும் இருக்கு."

மூலையில் அமர்ந்திருந்த ரூப்பர்ட் தம் முழங்காலைப் பெருமையோடு தடவிக்கொண்டார்.

தலைவர் முன்னால் சாய்ந்து குரலைக் கனிவாக்கினார். "தம்பி, உங்க அப்பன் நம்ம ஆளு. அதனால ஒரு வழி சொல்றேன். உனக்கு முட்டி வலிக்குதுதானே?"

"இல்லீங்க மாமா."

"மாடிப்படி ஏறும்போது?"

"அப்பவும் இல்லீங்க."

"மழைக்காலத்துல லேசா ஒரு குடைச்சல் இருக்குமே? டாக்டர்ட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துரு, கூடை உனக்குத்தான். முட்டி கெட்டவன்னு சொன்னா ஊரு ஏத்துக்கும். முட்டி நல்லா இருக்கிறவன் பயமுறுத்த மாட்டேன்னு சொன்னா என்னத்தன்னு எழுதறது?"

"புனித நிக்கோலாஸ் பின்னால நடக்கிறதுக்குப் பொய் சொல்லிட்டா போறது மாமா?"

'விண்ணப்பதாரர் தம் முழங்கால்கள் நலமென்று பிடிவாதம் செய்கிறார்' என்று எகிட் பதிவு செய்தார்.

தலைவர் எழுந்து நின்றார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு உரை நிகழ்த்தினார். பின்னாளில் அவ்வுரை கழக மலரில் ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சாயிற்று.

"ஆம்பளைன்னா தன்னந்தனியா நிக்கணும். அதனாலதான் நாங்க எப்பவும் எட்டுப் பேரா போறோம். ஆம்பளைன்னா முகத்துக்கு நேரா மோதணும். அதுக்குத்தான் மரமுகம். ஆம்பளை தன்னவிட பலசாலியத்தான் எதிர்க்கணும். அந்த வீட்டுல யாரு இருக்காங்களோ அவங்கள எதிர்க்கிறோம்; மூணு வயசுப் பிள்ளை இருந்தா அது எங்க தப்பா? எனக்கு ஆறு வயசுல எங்கப்பா என்னையக் கொம்பன் கையில பிடிச்சுக் குடுத்தாரு. விடிய விடிய தொழுவத்து இருட்டுல கிடந்தேன். என்ன கெட்டுப் போச்சு? இன்னைக்கு எனக்கு நாப்பத்தேழு வயசு. ஒண்ணுக்கும் பயப்பட மாட்டேன். தொழுவத்துல விளக்க மட்டும் அணைக்க மாட்டேன். அது மாட்டுக்காக."

எல்லாரும் கைதட்டினார்கள். வாலண்டினும் தட்டினார், ஆனால் மகனைப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை முதல் இரண்டு தேர்வுகளும் விடுதி முற்றத்தில் நடந்தன.

உறுமலை அளக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். தொண்ணூறு புள்ளிக்குக் குறையாமல் உறுமவேண்டும். வெண்டலின் மூச்சிழுத்து, கண்ணை மூடி, தன்னால் ஆனமட்டும் உறுமினான். கருவி நாற்பத்திரண்டு காட்டியது.

"என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நாப்பத்தஞ்சு," என்றார் எகிட்.

அப்போது வேலிக்கு அப்பால் நின்ற பசுக்கள் பதினொன்றும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வரிசையாக நடந்து வந்து, தீவனம் எங்கே என்று கேட்பவை போல் அவன் முன்னே நின்றன. இதற்கு மதிப்பெண் உண்டா என்று விதிப்புத்தகத்தில் தேடினார்கள். இல்லை.

இரண்டாவதான உரத் தேர்வு வெங்காயம். பச்சை வெங்காயம் இரண்டு கிலோவை ஒரு துளிக் கண்ணீரும் இன்றி நறுக்கவேண்டும். தலைவருடைய மகன் முந்தைய ஆண்டு அரைக்கிலோவில் கதறியழுது மூன்று முறை திரும்ப எழுதித்தான் தேறினான். வெண்டலின் சமையலறையில் வளர்ந்தவன். கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, காற்று வரும் திசையில் நின்று, கண் கலங்காமல் நான்கு நிமிடத்தில் முடித்தான். மேசைமேல் வெங்காயம் முத்துப்பரல் போலக் குவிந்து கிடந்தது.

குழு அதைச் சுற்றி நின்று பார்த்தது.

"ரொம்பப் பொடிசா இருக்கே," என்றார் தலைவர், ஏதோ குற்றத்தின் தடயத்தைக் கண்டவர்போல.

"சூப்புக்கு இப்படித்தான் மாமா போடணும்."

"இதுல அனுபவம் தெரியுது. அனுபவம் இருந்தா அது வீரத்துல சேராது."

நீண்ட விவாதத்துக்குப் பின் உறுமலில் தோல்வி, வெங்காயத்தில் ஐயத்துக்குரிய வெற்றி என்று முடிவாயிற்று. ஆகவே எல்லாம் மூன்றாவது தேர்வைப் பொறுத்ததாயிற்று. அதுவே ஈரமின்மைத் தேர்வு. டிசம்பர் ஐந்தாம் நாள் தேர்வர் கொம்பன் வேடமிட்டு ஒரு வீட்டுக்குச் செல்லவேண்டும். அந்த வீட்டில் ஒருவராவது அழவேண்டும். அழுதவர் பெயரையும் வயதையும் செயலாளர் அழுகைப் பதிவேட்டில் எழுதி, முடிவை வாசற்படியிலேயே அறிவிக்கவேண்டும்.

"எந்த வீடு மாமா?" என்றான் வெண்டலின்.

"இருபத்திரண்டாவது விதி," என்றார் எகிட். "தேர்வர் முதலில் தம் இல்லத்தையே அச்சுறுத்துக."

அன்று இரவு உணவின்போது வெண்டலின் ரொட்டியைத் தொடவில்லை. "நான் விலகிக்கிறேன்ப்பா," என்றான்.

"விலகினாலும் எட்டுப் பேரு வருவோம்டா," என்றார் வாலண்டின். "நீ இல்லாட்டி தலைவரு மகன் வருவான். அவன் போன தடவ நம்ம அலமாரியவே சாச்சான்." தம் ரொட்டியைப் பிட்டார். "உள்ள வந்ததும் கண்ண மூடிக்க. நான் அப்படித்தான் பண்றது."

"பதினெட்டு வருஷமாவா?"

"ம்."

நோட்பூர்கா கரண்டியை மேசைமேல் வைத்தாள். "ஆக, கண்ண மூடிக்கிட்டுத்தான் எம் மேசையப் பொரட்டிக்கிட்டு இருந்திருக்கீரு?" என்றாள். வாலண்டின் உப்பை எடுக்க நீண்டநேரம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் ஐந்து. நான்கரை மணிக்கே இருட்டிவிட்டது. ரீசர் வீட்டின் கூடத்தில் கிலியன் அடுப்போடு முதுகை ஒட்டி நின்றான். தாயின் கை அவன் தோள்மேல் இருந்தது. தொலைவில் மணிகள் ஒலித்தன. அவன் உதடுகள் வெளுத்தன.

"அம்மா, அண்ணன் எங்க?"

அவள் விடை சொல்வதற்குள் கதவு திறந்தது. முதலில் புனித நிக்கோலாஸ் வந்தார். ஆண்டு முழுவதும் ஊர்க்கோவிலில் மெழுகுவத்தி ஏற்றி மணி அடிக்கும் காசியனே அவர், அதிகம் பேசாதவர். அடுத்து ரூப்பர்ட் கூடையோடு நொண்டி வந்து நாற்காலியில் விழுந்தார். பிறகு கதவுச்சட்டம் அதிர எட்டுக் கொம்பன்மாரும் பாய்ந்தார்கள். பின்னால் பதிவேடும் விதிப்புத்தகமும் பொருட்பட்டியலும் ஏந்தி எகிட்.

எட்டாவது கொம்பன் வெண்டலின். பதினெட்டுக் கிலோ தோலுக்குள், மரமுகத்தின் இரு துளைகள் வழியே, தம்பியின் வாய் ஓசையின்றித் திறந்திருப்பதை அவன் கண்டான். அழுகை வருவதற்கு முந்திய நொடி அது. இன்னும் ஓரடி முன்வைத்தால் தேர்ச்சி.

அவன் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபோது மணிகள் எல்லாம் சேர்ந்து ஒருமுறை புரண்டு அடங்கின. பிறகு இரண்டு கைகளாலும் மரமுகத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நான்தான்டா," என்றான்.

கிலியன் நெடுநேரம் பார்த்தான். "நீ நாறுற," என்றான்.

"ஆட்டுத்தோலுடா. நூறு வருஷமாத் துவைக்கல."

"மூணாவது விதி!" என்று எகிட் அலறினார். "வீட்டுக்குள்ள முகத்தக் கழட்டக்கூடாது!"

அப்போது ஏழாவது கொம்பனும் தன் முகத்தைக் கழற்றியது. உள்ளே வாலண்டின் இருந்தார், கண்கள் திறந்திருந்தன. "வேர்க்குது எகிட்டு," என்றார். இன்னொரு கொம்பனான தபால்காரரும் அதையே சொல்லிக் கழற்றினார். விரைவில் கூடம் முழுவதும் சிவந்த முகங்களும் ஈரத் தலைமுடியுமாக ஆயிற்று. கிலியன் ஒவ்வொருவர் பெயரையும் மெல்லச் சொல்லிப் பார்த்தான். எல்லாம் அவனுக்குத் தெரிந்த பெயர்கள்.

கழற்றாமல் நின்றது எல்லாவற்றிலும் பெரிய கொம்பன் மட்டுமே. அது ஓரடி பின்வாங்கியது.

"இவரு ஏன் கழட்டல?"

"அவரு தலைவருடா," என்றான் வெண்டலின்.

கிலியன் அடுப்பை விட்டு நகர்ந்தான். அண்ணனின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, சிறு சிறு அடிகளாக, பெரிய கொம்பனிடம் போனான். சட்டைப்பையிலிருந்து கைவிளக்கை எடுத்து நீட்டினான்.

"உள்ள இருட்டா இருக்கா மாமா? இத வச்சுக்கங்க. பயமா இருந்தா அமுக்கிக்கலாம்."

கொம்பன் அசையவில்லை. ரோமம் அடர்ந்த பெருங்கை விளக்கை வாங்கிக்கொண்டது. மரமுகத்துக்குள்ளிருந்து ஓர் ஒலி வந்தது. உறுமல் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அது ஏறவேண்டிய இடத்தில் இறங்கியது. இறங்கி, உடைந்து, மூக்குறிஞ்சலாக முடிந்தது. மரத்தாடையின் கீழ்விளிம்பில் ஒரு துளி சேர்ந்து, தொங்கி, தரையில் விழுந்தது.

எகிட் கடமையில் தவறாதவர். அந்தத் துளியைக் குனிந்து பார்த்தார். பேனாவைத் திறந்தார். வாசற்படிக்குச் சென்று, விதிப்படி உரத்த குரலில் வாசித்தார்:

"அழுதவர்: ஒருவர். பெயர்: கோட்ஹார்ட் உன்டர்ரைனர். வயது: நாற்பத்தேழு. தேர்வர் தேர்ச்சி பெற்றார்."

"ஆட்டு மயிரு கண்ணுல விழுந்துருச்சுய்யா!" என்றது மரமுகம்.

"காரணம் எழுதக் கட்டம் இல்லீங்க தலைவரே."

"பிள்ளைங்க அழுதாத்தான்யா கணக்கு!"

எகிட் பக்கங்களைப் புரட்டினார். "அப்படி எங்கயும் இல்ல. பெரியவங்க அழுவாங்கன்னு அப்ப யாருக்கும் தோணல போல."

வெண்டலின் எழுந்தான். "அப்ப கூடை எனக்கா மாமா?"

"தேறியாச்சுல்ல? இனிமே நீ முழுக் கொம்பன். இருபத்தஞ்சு வருஷம் ஓடினா கூடை," என்றார் எகிட்.

வெண்டலின் திகைத்து நின்றான். அச்சுறுத்த விரும்பாதவன் தேறியதற்குப் பரிசு, நாற்பது வயது வரை அச்சுறுத்துவது. தான் வென்றானா தோற்றானா என்று அவனுக்குப் புரியவில்லை. அடுத்த வீட்டில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது அவன் நினைவுக்கு வந்தது. மரமுகத்தை எடுத்துத் தலைவரிடம் நீட்டினான். "எனக்கு வேண்டாங்க மாமா. நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்."

அப்போது ரூப்பர்ட் நாற்காலியில் இருந்தபடியே முனகினார். "அடுத்த வீடு மேட்டுல இருக்கு. நான் வரேன்னாலும் என் முட்டி வராது. யாராவது தூக்குங்கப்பா கூடைய."

"தகுதி உள்ளவங்க யாரும் இல்லையே," என்றார் எகிட் கலக்கத்தோடு. "அப்ப கூடை போகாது. விதி அப்படி."

புனித நிக்கோலாஸ் அன்றைக்கு முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"கூடை யாரோடது?" என்றார் காசியன்.

"கழகத்தோடது."

"பட்டியல எடுத்துப் பாரு."

எகிட் கழகப் பொருட்பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். ஆட்டுத்தோல் பதினான்கு. மரமுகம் பதினாறு. மணி, மிலாறு, உறுமல் அளக்கும் கருவி, பீர்க்குவளை முப்பத்தாறு. விரல் தாளின் அடிக்கு வந்து நின்றது. நூறாண்டுகளில் எழுதிய செயலாளர் எவருக்கும் கூடை ஓர் ஆண்மகனின் பொருளாகத் தோன்றியதில்லை. ஒருவரும் அதை எழுதவில்லை.

"கோவில் பொருளு அது," என்றார் காசியன். "எப்பவும் கோவில் பொருளுதான். டேய் வெண்டலின், தூக்குடா. நேரமாகுது."

தோலைக் கழற்ற நேரமில்லை. ஆட்டுரோமத்தோடும் மணிகளோடும், மூடாத முகத்தோடும் வெண்டலின் கூடையை எடுத்துக்கொண்டு புனிதரின் பின்னே பனியில் இறங்கினான். அவன் பின்னால் எழுவரும் வந்தார்கள். மேட்டு வீட்டு வாசலில் தலைவர் பழக்கத்தால் மூச்சை இழுத்தார். முன்னே அந்த நான்கு வயதுப் பெண்குழந்தை வெண்டலினின் மணியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் இழுத்த மூச்சை மெல்ல விட்டார். அந்த மாலை ஒன்பது வீடுகளுக்குச் சென்றும் பதிவேட்டில் இரண்டாவது பெயர் ஏறவில்லை. கழகம் இதை விசாரிக்க ஒரு துணைக்குழுவை அமைத்திருக்கிறது.

மறுநாள் புனித நிக்கோலாசின் திருநாள். விடியலுக்கு முன், மின்விளக்கு ஏதுமின்றி மெழுகுவத்தி வெளிச்சத்தில் மட்டும் நிகழும் பூசைக்கு வெண்டலினும் கிலியனும் நடந்து போனார்கள். கல்தரை குளிர்ந்தது. புனிதரின் சிறு பீடத்தருகே கிலியன் நுனிக்காலில் நின்று ஒரு மெழுகுவத்தியை எடுத்தான்.

"யாருக்குடா?" என்று காதருகே கேட்டான் வெண்டலின்.

கிலியன் தலையைத் திருப்பி, பின்வரிசைத் தூணோரம் மண்டியிட்டிருந்த பெரிய உருவத்தைக் கண்ணால் காட்டினான். பிறகு சுடரோடு சுடரைச் சேர்த்துப் பற்றவைத்து, மணல்தட்டில் நேராக நட்டான். சாய்ந்தபோது வெண்டலின் கைகொடுத்து நிமிர்த்தினான். இருவரும் மண்டியிட்டார்கள். பாடகர்கள் பாடத் தொடங்குவதற்கு முன்பிருந்த அந்தச் சிறுபொழுதில், எரியும் மெழுகின் மெல்லோசை மட்டுமே கேட்டது.

அஞ்சுவோர்க்கு அருகே ஒரு கை இருப்பதாக. அச்சுறுத்துவோர்க்கு இரவில் நல்லுறக்கம் வாய்ப்பதாக. உறுமத் தெரியாத பிள்ளைகள் உறுமாமலே வளர்ந்து நிறைவதாக. பனி மூடிய கூரைதோறும், தொழுவந்தோறும், பெருமான் கண் வைத்துக் காப்பாராக.